திப்பி மேட்டில் பனிச்சறுக்கு

மணாலியில் எனக்கு ஒரு கோட்டு கொடுத்தார்கள். வாடகைக் கோட்டு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உறையாகத் தைத்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் அதற்குள் வேர்த்துக் கொட்டினார்களோ, அது ஒரு நாளாவது வெயிலைப் பார்த்திருக்காது. கையை உள்ளே விட்டால் சில்லென்று அடுத்தவர் ஈரம். பையில் யாரோ மூக்குச் சிந்திப் போட்ட காகிதம் வேறு. கிறிஸ்துமஸ் லீவுக்கு என்னையும் என் வீட்டுக்காரரையும் மகனும் மருமகளும் கூட்டிப் போயிருந்தார்கள். "போட்டுக்கங்க அத்தை, எல்லாரும் போடறதுதான்" என்றாள் மருமகள். எல்லாரும் போடுவதுதானே எனக்குக் குமட்டலே!

பனியையும் பார்த்தேன். பள்ளிக்கூட நாளில் நீயும் நானும் அத்தனை ஆசைப்பட்ட பனி. குதிரைச் சாணியும், டீ கொட்டிய கறையும், சோளம் கடித்துப் போட்ட கட்டையும், காறித் துப்பியதுமாகக் கிடந்தது. அதன்மேல் படுத்து உருண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேட்டில் ஒருவன் பலகையில் காலைக் கட்டிக்கொண்டு நின்றபடி சறுக்கி வந்தான். கோட்டின் கழுத்துப் பட்டை என் மூக்கில் இடித்தது. வெயில் படாமல் காய்ந்த துணியின் புளித்த நாற்றம். எங்கேயோ முகர்ந்ததாயிற்றே என்று நினைக்கும்போதே நீ வந்துவிட்டாய்.

நம் ஊருக்கு மேற்கே ஜவ்வரிசி மில். பொம்மிடி பஸ்ஸில் கண்ணை மூடித் தூங்கி வருகிறவர்கூட நம் ஊர் வந்துவிட்டது என்று மூக்காலேயே தெரிந்துகொள்வார். மார்கழி பிறந்தால் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி வெட்டு. வண்டி வண்டியாகக் கிழங்கு போய் இறங்கும், எங்கள் கிழங்கும் அங்கேதான் போகும். உன் அம்மா மற்ற பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து கத்தியால் தோல் சீவுவார். கிழங்கை அரைத்துப் பாலை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுகிற சக்கைக்குத் திப்பி என்று பேர். மாட்டுத் தீவனத்துக்குப் போகும் வரை அதை மில்லுக்குப் பின்னால் ஈரத்தோடு மலையாகக் குவித்திருப்பார்கள். கிழங்கு கழுவிய தண்ணீரும் மாவு தெளிந்த தண்ணீரும் அந்த மேட்டின் அடியில் ஒரு குட்டையில் தேங்கும். மேலே சாம்பல் நிறத்தில் ஏடு, அடியிலிருந்து கொப்புளம் கொப்புளமாக வந்து வெடிக்கும். பழகிவிடும் என்பார்கள். எனக்கு அந்த நாற்றம் பழகவே இல்லை.

உன் அம்மா எத்தனை குளித்தாலும் அது அவர் மேல் இருக்கும். அதனால் மாதா கோயிலில் வாசலோரம், செருப்பு கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். உனக்கு அதுதான் ஆறாத கோபம். "சாமி ஒண்ணும் மூக்கப் புடிச்சிக்காதுடி. ஆனா எங்கம்மா பக்கத்துல போவ மாட்டேங்குது" என்பாய்.

நாம் ஒன்பதாவது படித்தபோது கிறிஸ்துமஸ் நாடகத்தில் உனக்குச் சம்மனசு வேஷம், தேவதூதர் வேஷம், கிடைத்தது. மாதா வேஷம் மில் கணக்குப்பிள்ளையின் மகளுக்கு. அவள் சிவப்பாக இருந்தாள், வேறு தகுதி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இடையர்களுக்கு நல்ல செய்தி சொல்லுகிற சம்மனசுக்குத் தொண்டை வேண்டும், அது ஊரிலேயே உனக்குத்தான் இருந்தது. உன் அம்மா ஒரு பழைய வெள்ளை வேட்டியைப் பிரித்து அங்கி தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு நீ கேட்டது ஒன்றுதான். இந்த ஒரு தடவை முன்வரிசையில் வந்து உட்கார வேண்டும் என்று. அவர் பிடி கொடுக்காமல் இருந்தார். நீ சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தாய். கடைசியில் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த அரையாண்டு லீவில்தான் நமக்குப் பலகைப் பைத்தியமும் பிடித்தது. ஒத்திகைக்குப் போன இடத்தில், ஃபாதர் அறையில், வெளிநாட்டிலிருந்து வந்த காலண்டர் தொங்கியது. வெள்ளை மலையில் ஒருவன் பலகைமேல் நின்றபடி பறந்து வருகிறான். என்ன இது என்று நீ, ஃபாதருக்கு உதவியாக இருந்த உபதேசியாரைக் கேட்டாய். "அதுவா, பனியில சறுக்கறாங்க" என்றார் அவர்.

பனி! நமக்குத் தெரிந்த பனி, விடியக்காலையில் கொள்ளுக் காட்டில் இலை இலையாக நிற்கிற பனிதானே. அதற்கா பஞ்சம்? மறுநாளே உங்கள் ஆட்டுப்பட்டிக் கதவிலிருந்து ஒரு பலகையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாய். கரட்டுச் சரிவில் இருந்த எங்கள் கொள்ளுக் காட்டில், பனி நனைத்த செடிமேல் பலகையைப் போட்டு ஏறி நின்றாய். பலகை அசையவே இல்லை. நான் பின்னாலிருந்து தள்ளினேன், நீ குப்புற விழுந்தாய். உடம்பெல்லாம் கொள்ளுச் சுணை, ஆட்டுப்புழுக்கை வாடை, அரிப்பு. காடு நாசமாய்ப் போனது, எருமை புகுந்துவிட்டதாக எங்கள் அப்பா கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அன்றோடு அந்த விளையாட்டே வெறுத்துப்போனது.

உனக்கு வெறுக்கவில்லை. வெள்ளைக்காரன் பனி வேறு, நம் பனி வேறு என்று நீயே யோசித்துக் கண்டுபிடித்தாய். "படத்துல பனி வெள்ளையா கெடந்துச்சுடி. நம்மூர்ல வெள்ளையா மேடாட்டம் என்னா கெடக்குது, சொல்லு பாப்பம்" என்றாய். திப்பி மேட்டைத்தான் சொல்கிறாய் என்று புரிந்ததும் அப்போதே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானமே மில்லை மூடிவிட்டார்கள். காவல்காரரும் இல்லை. நான் தாவணி முனையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கீழே நின்றேன். ஈக்கள் மொய்த்தன. திப்பியில் கால் வைத்தால் கணுக்கால் வரை வழுவழுவென்று உள்ளே போகும், எடுத்தால் விரல் இடுக்கெல்லாம் பசை. நீ பலகையைத் தூக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறினாய். பாவாடையைத் தூக்கிச் செருகினாய். காலண்டர்க்காரன் மாதிரியே முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் விரித்து நின்றாய்.

வந்தாயே! அத்தனை அசிங்கத்தின் மேல், நின்றபடியே, ஆடாமல் அசையாமல் வந்தாய். அப்படி ஒரு அழகை அப்படி ஒரு நாற்றத்தில் பார்க்க வேண்டுமென்று என் தலையில் எழுதியிருந்தது. நிறுத்துவது எப்படி என்று மட்டும் காலண்டரில் போடவில்லை. பலகை மேட்டோரம் முட்டி நின்றது. நீ நிற்கவில்லை. தலைகுப்புறக் குட்டைக்குள் போனாய்.

நீ எழுந்து நின்றபோது முடியிலிருந்து ஏடு தொங்கியது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நான் வாந்தி எடுத்தேன்.

எங்கள் கிணற்று மோட்டார்த் தண்ணீரில் உன்னை உட்கார வைத்துத் தேய்த்தேன். சீயக்காய், துணி சோப்பு, எலுமிச்சைத் தோல், கடைசியில் கொஞ்சம் மண்ணெண்ணெயும். தோல் சிவந்தது, நாற்றம் போகவில்லை. போகவே போகாது என்று தெரிந்ததும்தான் உன் சிரிப்பு நின்றது. உன் அம்மா முன்னால் வந்து உட்காருகிற அன்றைக்குப் பார்த்து நீ நாறிக்கொண்டு நிற்கப் போகிறாய். அழுதுகொண்டே அங்கியைப் போட்டுக்கொண்டாய்.

இருட்டுக் கட்டியதும் கோயிலில் நாடகம். மைக்செட்டும் பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் மில் முதலாளி உபயம் என்பதால் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி. உன் அம்மா தலையில் பூ வைத்து, புதுப் புடவை கட்டி வந்தார். முதலாளியைப் பார்த்தாரோ இல்லையோ, கால் தானாக வாசலோரத்துக்கே போய்விட்டது. செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நீ திரைச்சீலை இடுக்கால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன்.

நீ பஞ்சுச் சிறகோடு மேஜைமேல் ஏறி நின்றதும் இடையர் வேஷப் பையன்கள் ஒதுங்கினார்கள். மாதா குழந்தை இயேசுவைக் கீழே வைத்துவிட்டு மூக்கைப் பொத்தினாள். முதலாளி மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு ஃபாதர் பக்கம் திரும்பி, "எந்த வூட்டுப் புள்ளைங்க இது? குளிக்கறதே இல்லீங்களா?" என்றார். அவர் மெதுவாகப் பேசிப் பழகியவர் இல்லை. வாசலோரம் வரைக்கும் கேட்டது. உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

சம்மனசு பயப்படாதீர்கள் என்று ஆரம்பிக்க வேண்டும். நீ மைக்கைக் கிட்டத்தில் இழுத்தாய்.

"மொதலாளிங்க, குளிச்சிட்டுத்தானுங்க வந்தேன். உங்க மில்லுக் குட்டையில வுழுந்துட்டேனுங்க. இது எங்க வூட்டு நாத்தம் இல்லீங்க. உங்க நாத்தமுங்க."

அத்தனை 'ங்க' போட்டு, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாய். பின்னால் கிழங்கு சீவுகிற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளிக்குக் கைக்குட்டையை மூக்கிலேயே வைத்திருப்பதா எடுப்பதா என்று தெரியவில்லை. நீ ஒன்றும் நடக்காதது போல் இடையர்கள் பக்கம் திரும்பி நல்ல செய்தியைச் சொல்லி முடித்தாய். அதற்குள் உன் அம்மா எழுந்து, நடுவழியாக நடந்து வந்து, முதலாளியின் நாற்காலிக்கு நேர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். நாடகம் முடியும் வரை அங்கிருந்து அசையவில்லை.

பண்டிகை முடிந்து மில் திறந்தபோது கேட்டிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் குட்டையைவிட அசிங்கம். கோயில் பெரியவர்கள் உன் வீட்டுக்கு வந்தார்கள். மில் தண்ணீர் தங்கள் கிணற்றிலும் இறங்கி நாறுகிறது என்று தினமும் புலம்புகிறவர்கள்தான். பிள்ளையைக் கூட்டிப் போய் முதலாளி காலில் விழ வை என்று உன் அம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள். நீ சொன்னது பொய் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

உன் அம்மா எல்லாம் கேட்டுக்கொண்டார். "புள்ள நெசத்தத்தானுங்க சொல்லுச்சு. அதுக்கு எதுக்குங்க கால்ல வுழோணும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. பொங்கலுக்கு முன்னால் ஆட்டை விற்றுவிட்டு ஓசூருக்குப் போய்விட்டீர்கள். உன் படிப்பு அந்த அரையாண்டுப் பரீட்சையோடு சரி. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது உன் இடத்தில் கணக்குப்பிள்ளை மகள் வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனேன்.

பிறகு உனக்கு ஓசூரில் கம்பெனி வேலை, கல்யாணம், இரண்டு பையன்கள். என்னை எப்போது பார்த்தாலும் முதல் காரியமாக மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, "போயிடுச்சாடி?" என்பாய். நான் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்து, "இன்னும் இருக்குது, புள்ள" என்பேன். உன் கல்யாணப் பந்தலிலும் அதைக் கேட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி ஏறுகிற கையை நீட்டியும் கேட்டாய்.

போன ஆடியில் உன்னைக் கண்ணாடி ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உன் பையன் வருகிறவர்கள் முகம் சுளிக்கக்கூடாதே என்று பெட்டியைச் சுற்றி ஸ்பிரே அடித்துக்கொண்டே இருந்தான். மல்லிகை என்று அதன்மேல் எழுதியிருந்தது, எனக்கு அதுதான் குமட்டியது. கண்ணாடிமேல் பனி பூத்திருந்தது. முந்தானையால் துடைத்தேன், திரும்பவும் பூத்தது. உன் கை உள்ளே, என் மூக்கு வெளியே. நீ கேட்பதற்குப் பதில் சொல்ல எனக்கு வழி இல்லாமல் போயிற்று.

மணாலியிலிருந்து ஜீப்பில் கீழே இறங்கி வரும்போது மருமகள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். கோட்டைக் கடையில் கழற்றிக் கொடுத்த பிறகும் அது என் மேல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. "அத்தை, உங்க மேல ஒரு மாதிரி வாசன வருது" என்றாள். நல்ல பெண், நாற்றம் என்று சொல்லவில்லை. "இது என்னுது இல்லம்மா, கடைக்காரனுது" என்றேன். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். உயரத்தில் மூச்சு முட்டுகிறதோ என்று மகன் பயந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

யாராவது பக்கத்தில் மூக்கைப் பொத்தினால் நம்மைப் போன்ற பெண்கள் முதலில் நம் புடவையைத்தான் முகர்ந்து பார்ப்போம். அந்தக் கிறிஸ்துமஸிலிருந்து நான் முகர்வதில்லை. பொத்துகிற ஆளைத்தான் நிமிர்ந்து பார்க்கிறேன். நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான், அது போதும்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒருவரும் பார்க்காதபோது, என் மணிக்கட்டை மூக்குக்குக் கொண்டுபோனேன். இன்னும் இருக்குது, புள்ள.