அரிசிக்கடை ராவுத்தர் விட்ட சோறு

786

கொழிஞ்சாம்பாறை
புதன்கிழமை

என் பேத்தி ஹஸ்னாக் கண்ணுக்கு உன் நன்னிமா ஹவ்வா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் நன்னாவும் நல்ல சுகம். ஒரு பேச்சுக்கு எழுதவில்லை, நெஜமாகவே சுகம்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். நன்னாவுக்குக் காது மந்தமானதிலிருந்து இந்த ஊட்டில் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேச்சு. நான் உன்னிடம் சொல்வது அவருக்கும் கேட்கும், எதிர் ஊட்டு அஷ்ரஃபுக்கும் கேட்கும். அதனால் லீவு முடிந்து அயர்லாந்து திரும்புகிற உன் கூட்டுக்காரி ஜெஸ்னா கையில் கொடுத்துவிடுகிறேன். அஞ்சாங்கிளாஸ்தான் என்றாலும் என் எழுத்து உன் அம்மா எழுத்தைவிட மணிமணியாக இருக்கும், நீயே பார்.

நன்னா சோற்றை விட்டு ரெண்டு வருஷம் ஆகப் போகிறது. முதலமடை மாங்காய் வியாபாரி பெரியமுத்து தொப்பை கரைந்து வந்து நின்றதைப் பார்த்துத்தான் இவரும் அந்தப் பேலியோப் பத்தியத்தில் இறங்கினார். காலையில் முட்டை, மத்தியானம் ஆட்டுக்கறி, ராத்திரிக்கும் அதுவே. அரிசிக்கடை வைத்திருக்கிற மனுஷன் சோறு தின்னாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? ஏனுங்க ராவுத்தரே, நீங்களே தொடாத அரிசியை எங்க தலையில கட்டறீங்களே என்று கடையில் வைத்தே கேட்டார்கள். நான் தின்னாததாலதான் உங்களுக்கு மிச்சம் கிடைக்குது, பேசாம வாங்கீட்டுப் போங்க என்பார் இவர்.

பொய் சொல்லக் கூடாது, நல்லதும் நடந்தது. சர்க்கரை இறங்கியது, டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார், பள்ளிவாசல் படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினார். நீ ஒருத்திதான், சர்க்கரை குறைவது சரி, பல வருஷம் இப்படியே தின்றால் கிட்னியும் ரத்தக்குழாயும் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அயர்லாந்தில் டயாலிசிஸ் வார்டில் நர்ஸாக நிற்கிறவள் கேட்கத்தானே செய்வாய்.

உன் வாயை அடைக்கத்தான் நோம்பில் அவராகவே போய் ரத்தம் கொடுத்தார். அங்கேதான் கூத்து. லேபில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களாம். நோம்பைவிட வெறும் வயிறு உண்டா என்று, விடியுமுன் சஹருக்குத் தட்டு நிறையக் கறி தின்றுவிட்டு, மார்ச் மாச வெயிலில் பகலெல்லாம் கடையில் இருந்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நேரத்தில், சாயங்காலம் அசர் தொழுத கையோடு போய்க் கையை நீட்டியிருக்கிறார். கிட்னிக்குப் பார்க்கிற கிரியாட்டினின் ஏறிக் கிடந்தது. அது என்னவென்றே தெரியாமல் பெருமையாக உனக்குப் போட்டோ அனுப்பிவிட்டார்.

நீ அழுதுகொண்டே கத்தினாய். அவர், உன் வெள்ளைக்காரக் கிழவன்களை நீ பாத்துக்க, என்னைப் பாத்துக்க எனக்குத் தெரியும் என்று போனை வைத்துவிட்டார். அன்றைக்கு நின்ற பேச்சு. பெருநாளன்று நீ என்னோடு மட்டும் பேசினாயே, அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பிரியாணியில் கறியைப் பொறுக்கி, சோற்றை ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. எனக்கும் வீம்பு வந்துவிட்டது. இனி நீங்க தின்கிறதுதான் நானும், உங்களுக்கு ஆகறது எனக்கும் ஆகட்டும் என்று ஒரு தட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். சிரித்தார். உனக்குப் பல்லே இல்லையே, எலும்பை என்ன செய்வே என்றார். ஈறாலேயே கடித்தேன். கஞ்சி இல்லை, இட்லி இல்லை. எனக்குப் பிரஷர் இருப்பதும், போன வருஷம் கிட்னியில் கல் வந்து துடித்ததும் அவருக்குத் தெரியும் அல்லவா? கொஞ்ச நாளில் வயிறு கட்டி, தலை சுற்றி, என் முகம் வாடிப்போச்சு. அதைப் பார்த்துப் பார்த்து அவர் தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார். ஒரு நாள் காலையில், துப்பட்டியைப் போட்டுக்கிட்டுக் கிளம்பு, சித்தூர் டாக்டரைப் பார்க்கப் போகலாம் என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் நான் செருப்பை மாட்டிவிட்டேன்.

டாக்டரம்மா விசாரித்துவிட்டுச் சிரித்துவிட்டார். கறியும் தின்று, தண்ணீரும் குடிக்காமல் ரத்தம் கொடுத்தால் கூடத்தானே காட்டும் என்று, முந்தின நாள் கறி இல்லாமல், நன்றாகத் தண்ணீர் குடித்து மறுபடி கொடுக்கச் சொன்னார். குறைந்திருந்தது! அவர் முகத்தைப் பார்க்கணுமே, எலெக்‌ஷனில் ஜெயித்த மாதிரி. டாக்டரம்மா விடவில்லை. முழுசாகச் சரியில்லை, மூத்திரத்தில் புரதம் கொஞ்சம் போகிறது, கெட்ட கொழுப்பும் ஏறியிருக்கிறது என்றார். இது பழைய சர்க்கரை செய்ததா, இந்தக் கறி செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். இன்னும் பத்து வருஷம் இப்படித் தின்றால் எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்ல டாக்டரம்மாவுக்கும் தெரியாதாம். ஆனால் இந்தக் கிட்னிக்கு இவ்வளவு கறி வேண்டவே வேண்டாம் என்றார். நீ சொன்னதில் பாதிக்கு மேல் சரி கண்ணு. அதை அவரிடம் நான் சொல்லிக் காட்டவில்லை.

இப்போது மத்தியானம் ஒரு கை சோறு, நிறையக் கீரை, அவரைக்காய், கொஞ்சம் மீன். கறி வெள்ளிக்கிழமை மட்டும். முதல் நாள் சோறு வைத்தபோது அஷ்ரஃப் எட்டிப் பார்த்து, ராவுத்தர் இன்னைக்குத்தான் சொந்தக் கடை அரிசியை ருசி பாக்கறாரா என்றான். இவர் சோறு குழைந்துவிட்டது என்று என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே இன்னொரு கை கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் கஞ்சிக்குத் திரும்பிவிட்டேன், தலைசுற்றல் போய்விட்டது.

ஹஜ் பெருநாள் வருகிறது. ஊட்டுக்கு ஊடு குர்பானிக் கறி வரும், உனக்குத் தெரியும். அது முடிந்ததும் அடுத்த டெஸ்ட். இப்போதே, எல்லாம் சரியாப் போச்சு, இனி எதுக்கு என்று ஆரம்பித்துவிட்டார். மறுபடியும் அவரோடு போட்டி போட எனக்குத் தெம்பில்லை. நீ சொன்னால் போவார். கடையில் யாருக்காவது கால் வீங்கியிருந்தால், எம் பேத்தியக் கேட்டாத் தெரியும், கிட்னி விஷயத்தில் அவளை அடிச்சுக்க ஆளில்லை என்கிறாராம். அவர் மட்டும் உன்னைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. வேளைக்குச் சாப்பிடு. உன் கை பட்டவர்களுக்கெல்லாம் அல்லாஹ் சுகம் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

ஜும்ஆ முடிந்து அவர் கடைக்கு வந்து உட்காருகிற நேரம் கூப்பிடு. தப்பு யார்மேல் என்ற பேச்சை எடுக்காதே. போனை அவர்தான் எடுப்பார். எடுத்துவிட்டு ஒன்றும் பேச மாட்டார். போனை வைத்துவிடாதே கண்ணு, கொஞ்சம் பொறு.

உன் நன்னிமா
ஹவ்வா