பட்டியலில் இல்லாதவள்

ஜனவரி 9
தேர்தல் பயிற்சி நிலையத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஆறு வருஷம். துடைப்பம் பிடித்ததைவிட, மாதிரி வாக்குச்சாவடியில் வாக்காளராக நடித்ததுதான் அதிகம். இன்று மட்டும் நாலு ஓட்டு. குடைச் சின்னத்துக்கு மூன்று, நாற்காலிக்கு ஒன்று.

எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. சாதாரண அட்டைத் தடுப்புதான். அதற்குப் பின்னால் நான் போய்விட்டால் பெரிய அதிகாரிகூட எட்டிப் பார்க்கக் கூடாது. வீட்டில் குளிக்கப் போனால்கூட எனக்கு இந்த மரியாதை கிடையாது.

ஜனவரி 10
மகள் கேட்டாள்: "தினம் ஓட்டு போடுறியே, நிஜத்துல ஒண்ணாவது போட்டிருக்கியாம்மா?"

இல்லை. வாடகை வீடு மாறி மாறி, மூன்று தேர்தலிலும் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே வேலை பார்த்துக்கொண்டு இதை யாரிடம் சொல்வது? வெட்கக்கேடு.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது," என்று சிரித்தாள். சுருக்கென்றது.

ஜனவரி 16
இன்று எனக்குக் கொடுத்தது, பட்டியலில் பெயர் இல்லாதவள் வேஷம்.

பயிற்சிக்கு வந்த டீச்சரம்மா மெதுவாத்தான் சொன்னாங்க, "உங்க பேர் இல்லைங்கம்மா"ன்னு. எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ — "மூணு தடவையும் இதையேதான் சொன்னீங்க! நான் உசுரோடதானே நிக்கிறேன்? கண்ணு தெரியலையா?" அழுதே விட்டேன். டீச்சரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டியலின் அடியில் என் பெயரைப் பேனாவால் எழுதி, "போய்ப் போடுங்க" என்றார்.

பயிற்றுநர் ஐயா தாம்தூம் என்று குதித்தார். "நீங்க எழுதினா அவங்க வாக்காளர் ஆயிடுவாங்களா? ஓட்டு நாளன்னிக்கு ஒரு பேரைச் சேர்க்க எனக்கே அதிகாரம் கிடையாது!"

அவருக்கே கிடையாதாம். ஒரு பெயர் அவ்வளவு பெரிய சங்கதியா!

வகுப்பு கலைந்ததும் கேட்டார்: "நடிப்பா அது?"

"இல்லைங்கய்யா."

பெயர் சேர்க்கும் படிவம் ஒன்றை எடுத்து வைத்து, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நாளன்னிக்குக் கடைசி நாள். உக்காருங்க."

பிப்ரவரி 3
முகவரியை விசாரிக்கத் தேர்தல் ஆபீஸ் ஆள் வந்து போயிருக்கிறார். வீட்டு உரிமையாளர் வாயில் என்ன வந்ததோ.

மார்ச் 12
கணினியில், புதுப் பட்டியலில் என் பெயரைக் காட்டினார் ஐயா. தலையாட்டினேன். நம்பவில்லை. மூன்று தடவை பட்டவள்.

ஏப்ரல் 6
ஓட்டு நாள். வரிசையில் ஒன்றரை மணி நேரம். முதல் மேசை அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"அறுநூத்திப் பன்னெண்டு," என்று ஆரம்பித்து, என் பெயரை, அப்பா பெயரோடு, அறை முழுக்கக் கேட்கும்படி படித்தார். எதிரே நாலு கட்சி ஏஜெண்டுகள். ஆட்சேபம் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, எனக்குத் தெரியும். நாலு பேரும் தங்கள் தாளில் ஒரு கோடு போட்டார்கள். ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கையை நீட்டுங்கம்மா, மை வைக்கணும்," என்றார்கள் அடுத்த மேசையில். கால் நகரவில்லை.

"சார், இன்னொரு தடவை படிங்களேன்," என்றேன் முதல் மேசை அதிகாரியிடம்.

என்னைப் பார்த்தார். படித்தார், முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.