நாலு நிமிஷ வியூ

மார்ச் 3
ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரின் இருப்புத் திரை திறக்க நாலு நிமிஷம் ஆகும். எட்டு வருஷமாக அப்படித்தான். அந்தத் திரைக்குப் பின்னால் பத்து டேபிள்களை இணைத்துக் கணக்குப் போடும் கால்குலேஷன் வியூவைக் கட்டியது நான். போன மாதம் எங்கள் டீமில் சேர்ந்த சுருட்டைமுடி இன்று அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்கிறாள்: "அக்கா, ஒரு வார்டுக்குத்தானே கேக்குறாங்க? மொத்தத்தையும் அள்ளிட்டு வந்து ஏன் கடைசியில ஃபில்டர் போடுறோம்?"

சிரித்து மழுப்பினேன்.

மார்ச் 5
பன்னிரண்டு செகண்ட்.

ஃபில்டரை அடியிலேயே போட்டாளாம். வேண்டாத தகவலை நீக்கினாளாம். முதலில் கூட்டிவிட்டுப் பிறகு இணைத்தாளாம். எனக்குத் தெரியாததா? தெரிந்து என்ன, செய்தது அவள். "இத்தனை நாள் எங்கம்மா இருந்தே?" என்று அவளைக் கேட்கிறார் மேனேஜர். நான் இங்கேயேதான் இருந்தேன் சார். இந்த மாதம் டீம் லீட் யாரென்று முடிவாகும். வரிசையில் நான்தான் முதல் — போன வாரம் வரை.

மார்ச் 6
வயிறு எரிகிறது. இவரிடம் சொன்னால், "நல்லாத்தானே பண்ணிருக்கா, உனக்கு வேலை மிச்சம்" என்கிறார். இவரிடம் போய்ச் சொன்னேனே.

மார்ச் 9, திங்கள்
மாட்டினாள்.

ஒரு மருந்துக்கு ஒரே அலமாரி என்று குறித்து இணைத்திருக்கிறாள். பதினேழு மருந்துகள் இரண்டு அலமாரியில் இருக்கின்றன. அலமாரியோடு சேர்த்துக் கேட்டால் அவற்றின் இருப்பு இரட்டிப்பாகிறது. ஓட்டிப் பார்த்தேன், இருபது நாற்பதாகிறது. இதைத் தடுக்கத்தான் என் வியூவில் ஒரு படி வைத்திருந்தேன். வீண் சுமை என்று தூக்கிவிட்டாள். அது எதற்கு என்று நான் ஒரு வரி எழுதி வைத்தேனா? இல்லை. எழுதிவிட்டால் அப்புறம் யார் என்னிடம் வந்து கேட்பார்கள்?

வியாழன் முதல் புது வியூதான். சொல்லலாம்.

மார்ச் 10
சொல்லவில்லை.

மார்ச் 11
"அக்கா, ஒரு தடவை பாத்துடுங்களேன். நீங்க பாத்தா எனக்குத் தைரியம்."

நல்லா இருக்கு என்றேன். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 13
ஸ்டோர் பொறுப்பாளர் அம்மா போனில் கத்தினார்: "திரையில நாப்பது பாட்டில்னு காட்டுது, இங்க இருபதுதான் இருக்கு. ஆபரேஷனுக்கு ஆளைப் படுக்க வெச்சாச்சு."

பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிச் சமாளித்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வியூவை ஐந்தே நிமிஷத்தில் சரிசெய்தேன். "அனுபவம்னா அனுபவம்தான்" என்றார் மேனேஜர். சுருட்டைமுடி தலை நிமிரவில்லை. லீட் எனக்குத்தான் போலிருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே?

மார்ச் 16
காபி மெஷின் பக்கத்தில் அவளும் நானும் மட்டும்.

"சர்வர்ல யார் எப்ப என்ன ஓட்டினாங்கன்னு பாத்தேன்க்கா. போன திங்கக்கிழமை பதினொன்னேகால். உங்க பேர். அந்தப் பதினேழு மருந்து."

யார் எதை ஓட்டினார்கள் என்கிற அந்த சர்வர் பட்டியலை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"யார்கிட்டயும் சொல்லல" என்றாள். கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

நானா இருந்தா ஊரையே கூட்டியிருப்பேன். ச்சே, இதுலயும் அவதான் மேல. இதுக்கும் பொறாமையா இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?

மார்ச் 18
மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். லீட் அவள்தான்.

சாயங்காலம் அவளிடமிருந்து மெயில். அடுத்த வியூவைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தாள். இந்த முறை மேனேஜருக்கும் ஒரு நகல் போட்டிருந்தாள்.