நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு

அன்றைக்கும் அது தானாக விழித்துக்கொண்டது. மூடி வைத்திருந்த லேப்டாப்புக்குள் ஃபேன் சுழலும் சத்தம், மூடியின் விளிம்பில் மெல்லிய வெளிச்சம். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

"உன் ஃப்ரெண்டு, அந்தப் பொண்ணு கை பட்ட பொட்டிடி இது. இன்னும் போவாம இங்கியே கீது. யாருக்குனா குடுத்துடு."

நீ இறந்து இரண்டு மாதமாகிறது. லேப்டாப் போய்விட்டால் வேலைக்கு மனுப்போட எனக்கு வேறு வழி இல்லை. அதனால் காரணத்தைத் தேடினேன். மவுஸைக் கழற்றினேன், வைஃபையை அணைத்தேன். மறுநாளும் விழித்தது.

உத்திரமேரூர் பஜாரில் உன் அப்பாவின் செல்போன் கடையில் நாலு மணிக்குக் கூட்டம் இருக்காது. அங்கிருந்து வீடியோ காலில் வருவாய். என் போனில் கேமரா போய்விட்டதால் நான் லேப்டாப்பில் பேசுவேன். நேர்காணலுக்காக தினமும் அரை மணி நேரம் இங்கிலீஷ் மட்டும் என்பது நீ போட்ட சட்டம். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். ஒரு வாக்கியம் முடிவதற்குள் வியர்த்துவிடும்.

"தப்பாவே பேசுடி. நான் இன்னா கலெக்டரா?" என்று சிரிப்பாய்.

சில நாள் அந்தச் சிரிப்பையும் தாங்க முடியாமல் அழைப்பை எடுக்க மாட்டேன். சாயங்காலம், "லேப்டாப் தூங்கிடுச்சுடி, ரிங் கேக்கல" என்று மெசேஜ் அனுப்புவேன்.

நீ நம்பினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கே பஸ் ஏறி வந்து, லேப்டாப்பைப் பிரித்து வைத்து ஏதோ செய்தாய். "ஃபேன்ல தூசிடி, ஊதிட்டேன். இனிமே ஒயுங்கா எடு" என்று கொடுத்தாய்.

இன்று, எதனால் விழித்தாய் என்று லேப்டாப்பையே கேட்கும் கட்டளையைத் தட்டினேன். டைமர் என்றது. தானாக நடக்க வேண்டிய வேலைகளின் பட்டியலைத் திறந்தேன். மூன்று ஐம்பத்தைந்துக்கு எதிரே, இங்கிலீஷ் எழுத்தில் நீ வைத்த பெயர்: 'எய்ந்திரிடி'. உருவாக்கிய தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமை.

அப்போதெல்லாம் நாலு மணிக்கு முன்பே நான் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிடுவேன். அதனால் அது தானாக விழிப்பது எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வாரம் கழித்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தும் நாலு மணிக்கு அழைத்தாய். அன்று காலைதான் ஒரு கம்பெனி என்னை வேண்டாமென்று சொல்லியிருந்தது. திரையில் உன் பெயர் மின்னி மின்னி அணைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பழைய பொய்யையே அனுப்பினேன்.

"சரிடி, பரவால்ல" என்று எழுதினாய். மறுநாள் காலை நீ இல்லை.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன்.

"அப்போ, நீ சொன்னது பொய்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியும்?"

"தெரியும்மா. நாலு மணிக்கு அது தூங்காம பாத்துக்கினதே அவதான்."

"தெரிஞ்சுகினு ஒரு வார்த்த திட்டலியா?"

"இல்ல."

அம்மா லேப்டாப்பின் மூடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "குடுக்காத. இங்கியே கெடக்கட்டும்" என்றாள்.

நான் டைமரை அழிக்கவில்லை. உன் கடைசி மெசேஜையும் அழிக்கவில்லை. அதைச் சிரித்துக்கொண்டே எழுதினாயா, முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதினாயா? அந்த 'சரிடி'யைத் தினமும் ஒவ்வொரு குரலில் படித்துப் பார்க்கிறேன். எந்தக் குரலும் இன்னும் பொருந்தவில்லை.