புரூஜில் நீ ஏறாத வள்ளம்

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் உரிய அக்கா,

உன் ஆண்டுத்திவசத்துக்குப் பெல்ஜியம் போய்விட்டு, போன கிழமைதான் மொன்றியல் திரும்பினேன். இங்கே என் வில்லரே வீட்டு பிரிட்ஜ் கதவில் நீ அனுப்பிய படங்கள் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே புரூஜ் நகரம், அதே வாய்க்கால், அதே பழைய கல்வீடுகள், முன்னால் சேலையோடு நீ. பனியை வழித்துத் தள்ளிவிட்டு வேலைக்கு ஓடுகிறவளுக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும் என்று ஒருநாளாவது யோசித்தாயா?

பொறாமைதான். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கார்ட் முடியும்வரை நீ புரூஜ் கதைதான் அளப்பாய். லண்டன் மச்சாளைக் கூட்டிப்போனாயாம், ரொறன்ரோ சித்தப்பாவைக் கூட்டிப்போனாயாம். ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டது. கூடப்பிறந்த நான் மட்டும் விசா, பிள்ளைகள், வேலை என்று இங்கேயே கிடந்தேன்.

திவசத்துக்கு மறுநாள் அத்தான் என்னையும் அங்கே கூட்டிப்போனார். வீட்டுக்கு வந்தவர்களைப் புரூஜ் காட்டாமல் அனுப்பக்கூடாது என்பது உன் சட்டமாம். வடிவான ஊர்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் தேர்த்திருவிழா மாதிரி நெரிசல். நீ நின்ற பாலத்தடியில் படம் எடுக்கவே வரிசை. இந்தச் சனத்தை ஏன் ஒரு படத்திலும் காட்டவில்லை?

வாய்க்காலைச் சுற்றிக்காட்டும் வள்ளத்துக்கு டிக்கெட் எடுக்க நின்றபோது, அக்கா எந்தப் பக்கம் இருப்பாள் என்று அத்தானிடம் கேட்டேன். அந்த இடத்தையாவது பிடித்துவிடவேண்டும் எனக்கு. அவர் கரையைக் கைகாட்டினார்.

“அவ ஒருநாளும் ஏறேல்லை, பிள்ளை. வந்த ஆக்களை ஏத்திவிட்டிட்டு, அவையின்ர பையளை வச்சுக்கொண்டு கரையில நிப்பா. தங்கச்சி வரட்டும், அவளோடதான் ஏறுவன் எண்டுவா.”

இதை ஏனடி போனில் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் எப்படியாவது வந்திருப்பேனே. பாசத்திலும் நீதான் முந்திக்கொண்டாய், அதற்கும் எனக்குப் பொறாமைதான். நான் ஏறவில்லை. அத்தானை ஏற்றிவிட்டு, அவருடைய பையோடு கரையில் நின்றேன்.

கோடை விடுமுறைக்கு உன் மகள் இங்கே வருகிறாள். இல்-பிசார் தீவிலிருந்து அக்கரை லவாலுக்குப் போகும் சின்னப் படகில் அவளோடு ஏறுவேன். கல்வீடுகள் இல்லாத வெறும் ஆறுதான் அது. ஒரு படம் எடுத்து, உன் புரூஜ் படங்களுக்கு மேலே ஒட்டுவேன். இந்தத் தடவை பொறாமைப்படுவது உன் முறை, அக்கா.

உன்னோடு வள்ளம் ஏறவேண்டியிருந்த,
உன் ஒரே தங்கச்சி