நான்காம் நாள் வட்டம்

மார்ச் 10

இர்திஷ் ஆற்றில் துளையிட்டு அளந்தேன். பனிக்கட்டி 40 செ.மீ. வெயில் ஏறிவிட்டது, இனி நாளுக்கு 2 செ.மீ. கரையும். லாரி அதன்மேல் அக்கரை போக 32-க்கு மேல் தடிமன் வேண்டும். 32 போதாது, அதற்கு மேல்.

40 − 2x > 32
−2x > −8
x < 4

கழித்தல் எண்ணால் வகுத்ததும் குறியைத் திருப்பினேன். கரைப் பலகையில் எண்கோடு வரைந்தாயிற்று: 0 முதல் 4 வரை தடித்த கோடு, 4-இல் வெறும் வட்டம். நம் ஓட்டுநர்கள் எழுத்தைப் படிக்கிற ஜாதியா? வட்டம் காலியென்றால் அன்றைக்கு ஆறு மூடல். நிரம்பியிருந்தால் அன்றைக்கும் திறப்பு. அது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

மார்ச் 12

36. கணக்கு பிசகவில்லை.

மார்ச் 13

சாயங்காலம் ஓட்டுநர் ஜுமாத்தாய் வந்து நின்றான். லாரி பழுது, நாளைக் காலையில்தான் கிளம்புமாம். அக்கரைக்கு நௌரிஸ் புத்தாண்டுப் பண்டிகை மாவு போகவேண்டும். நாளை நான்காம் நாள், முடியாது என்றேன். விட்டால்தானே.

“சரியா முப்பத்திரண்டு இருக்கும்ல? அப்புறம் என்னண்ணே, ஒரு சொட்டு பெயின்ட்தானே.”

சிரித்துவிட்டேன். வட்டத்தை நிரப்பினேன். அவனைத் தவிர யாரும் பக்கத்தில் இல்லை.

மார்ச் 14

போய்விட்டான்.

மார்ச் 15

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நேற்றுக் காலையில் கரையில்தான் நின்றேன். பாதி ஆற்றில் லாரியின் பின்பக்கம் இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. ஓடினேன் — எங்கே ஓடுவது? விளக்கு இரண்டும் பனிக்கட்டிக்கு அடியில் எரிந்துகொண்டே இருந்தன. எவ்வளவு நேரம்? எல்லாவற்றையும் அளக்கிறவன் அதை அளக்கவில்லை.

விசாரணை அதிகாரி வருவதற்குள் கத்தியை எடுத்து வட்டத்தின் நடுவைச் சுரண்டினேன். கை தானாகப் போனது என்று எழுதினால் பொய். பயந்துதான் செய்தேன்.

அதிகாரி பலகையைப் படம் பிடித்தார். “வட்டம் காலியாத்தானே இருக்கு. மூடின ஆத்துல எறங்கினவனுக்கு யார் என்ன பண்ண முடியும்?” ஆமாம் என்றேன்.

மார்ச் 17

இன்று அடக்கம். தொழுகை முடிந்ததும் இமாம் வழக்கம்போலக் கேட்டார், இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று. நல்லவர் என்று எல்லாரும் உடனே சொல்லவேண்டிய இடம். இன்று ஒரு நொடி யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஏப்ரல் 3

இர்திஷில் பனிக்கட்டி போய்விட்டது. வெறும் தண்ணீர் ஓடுகிறது. ஆனாலும் அந்தப் பக்கம் பார்த்தால் அடியில் மஞ்சள் வெளிச்சம். பகலிலும்.

ஏப்ரல் 11

கடையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், ஜுமாத்தாய் பேராசையில் செத்தான் என்று. அவன் மனைவி கம்ஷாத் பின்னாலேயே நின்றதைக் கவனிக்கவில்லை. அவள் அவர்களைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நீங்க அங்கதானே இருந்தீங்க. அவரு பலகையைப் பாக்காமலா எறங்கினாரு?”

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சீ, நானும் ஒரு மனிதனா? செத்தவனைக் கெட்டவனாக்கி அவன் பெண்டாட்டி முன்னால் நடமாடுகிறேன்.

ஏப்ரல் 21

தூக்கமில்லை. நாளை அவன் செத்து நாற்பதாம் நாள், வீட்டில் விருந்து. போகாமல் இருக்கலாமா? முடியாது.

ஏப்ரல் 22

காலையில் அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, வீட்டில் இருங்கள், கூப்பிடுவோம் என்றார். நேரே நாற்பதாம் நாள் விருந்துக்குப் போனேன். ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கம்ஷாத் கிண்ணத்தில் கொஞ்சமாகத் தேநீர் ஊற்றித் தந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

“வட்டத்தை நெரப்பினது நான். அப்புறம் சுரண்டினதும் நான். ஜுமாத்தாய் திறந்த ஆத்துலதான் எறங்கினான்.”

அவன் தம்பி தலையைக் குனிந்துகொண்டு அழுதான்.

கம்ஷாத் கை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினாள். மதிக்கிற விருந்தாளிக்கு நாங்கள் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம், மறுபடி மறுபடி நீட்டட்டும் என்று. எழுந்து போகவேண்டியவனுக்குத்தான் விளிம்புவரை. அவள் விளிம்புவரை ஊற்றினாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

சூடு ஆறக் காத்திருக்காமல் குடித்துவிட்டு எழுந்தேன்.