ஒக்கலிபுரத்து ஜன்னல்

12.11.1998, வியாழன்

ஒக்கலிபுரத்தில் விளம்பரப் பலகை ஏறிவிட்டது. ரயிலில் போகிற அத்தனை பேர் கண்ணிலும் படும் இடம் என்று ஆபீசில் என்னைப் பாராட்டினார்கள்.

அதைச் சொன்னதே பலகை ஏறிய வீட்டின் மாடியில் குடியிருக்கும் செல்வராஜ் அண்ணன்தான். கால் விளங்காமல் நாலு வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறார். போன மாதம் இடம் பார்க்கப் போனபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் ரயில்களை எண்ணினேன். "இங்க வளைவு சார், வண்டி மெதுவாத்தான் போவும். எல்லாரும் இந்தப் பக்கம்தான் பாப்பாங்க. பசங்க எனக்குக் கையாட்டுவாங்க" என்றார். அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். கையாட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அண்ணனை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று மத்தியானம் போனேன். பட்டப்பகலில் அறையில் லைட் எரிந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு பலகையின் தகரம் நின்றது. அவர் மனைவி டீயை வைத்துவிட்டு உள்ளே போனார். ரயில் ஒன்று போனது. "மைசூர் வண்டி" என்றார் அண்ணன். பிறகு, "அந்தப் பக்கம் என்னா படம் சார்?" என்று கேட்டார்.

"ஒரு குழந்தை அண்ணா. ரயிலைப் பாத்துக் கையாட்டுது."

"நல்லாருக்கும்" என்றார்.

அதில் இருப்பது சிமெண்ட் மூட்டை. அவர் இறங்கிப் போய்ப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியம் எனக்கு.